சரிவில் நிற்கும் கால்

நீளப் பெட்டி என்றால் பொலோனாவுக்கு இப்போதெல்லாம் தூக்கும்போதே தெரிந்துவிடும். ஒரு கை நீளம் இருக்கும், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. குலுக்கினால் சத்தம் வராது. மேலே ஏதாவது வெளியூர் வேட்டைக் கடையின் முத்திரை. செப்டம்பரில் மட்டும் இது மூன்றாவது. அதை மஞ்சள் ஸ்கூட்டரின் பின்னால் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சோச்சா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பதினாறு வளைவும் ஏறி, விங்கோ வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள்.

விங்கோ ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே குரல் பெரிய மனிதர். அன்றைக்கு என்னவோ தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் பூனை மாதிரி வெளியே வந்தார்.

“மெதுவா அடிக்கக் கூடாதா தாயி? ஊரையே கூட்டிருவ போலிருக்கே.”

“கையெழுத்துப் போடுங்க அண்ணே. என்ன இது, தூண்டிலா?”

“ஆமா, தூண்டில்தான்.”

“பெட்டி மேல மூணு கால் படம் போட்டிருக்கு.”

விங்கோ சட்டென்று பெட்டியைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “பொலோனா, இங்க பாரு. இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அந்த ராடோப் பயலுக்கு.”

பொலோனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மர அறுவை ஆலை ராடோவுக்கு இதே மாதிரி ஒரு பெட்டியை இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரும் தெருவைப் பார்த்தார். அவரும் சொன்னார், “முக்கியமா அந்த விங்கோவுக்கு.” நடுவில் வந்த பெட்டி யாருக்குப் போனது என்பதை அவள் தன் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. யாருக்கு என்ன வந்தது என்று பேசுகிற நாளில் அஞ்சல்காரி வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆனால் ஸ்கூட்டரைத் திருப்பும்போது அவளுக்குச் சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இவர்கள் எல்லாம் ஒளித்து வைத்து வாங்குகிறார்கள். உண்மையில் தேவைப்படுகிறவள் நான். எனக்கு மட்டும் ஏன் வாங்கத் தைரியம் வரவில்லை?

காரணம் அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் மேல்மலைக்கு வேட்டைக்குப் போகிறவர் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: ஆளைவிட ஒரு முழம் உயரமான ஹேசல் மரக் கம்பு, நுனியில் இரும்புப் பூண். ஏறும்போது ஊன்ற அது, இறங்கும்போது பிடித்து நிறுத்த அது, மலையாட்டைக் கண்டால் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடவும் அதுதான். துப்பாக்கியைத் தாங்கக் கடையில் வாங்கிய கால்களைக் கொண்டுவந்தால் ஆள் தொலைந்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி முக்காலித் தாங்கி ஒன்றை வேட்டைச் சங்க வீட்டு வாசலில் விரித்து வைத்தார். “கல்யாணம் யாருக்கு? மாப்பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க!” என்று விங்கோ கத்தினார். அந்த மனிதர் ஒரு பல் மருத்துவர். இன்றைக்கும் அவர் பெயர் சங்கத்தில் ‘கல்யாண போட்டோக்காரர்’தான்.

*

பொலோனாவுக்கு ஐம்பது வயது. அப்பா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவர். அம்மா பால்கட்டிக் கூடத்தில் வேலை செய்தாள். இருபத்து மூன்றில் தபால் வேலைக்கு வந்தவள், இருபத்தேழு வருடமாக அதே வளைவுகள், அதே நாய்கள். ஒரே ஒரு நாள்தான் தபால் தாமதமாகப் போனது. அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று. அணைக்கட்டுக் காவலர் ஒருவருக்கு ஓய்வூதியக் கடிதம் கொடுக்கப் போனவளை, “இங்க வா, இதுல கண்ண வை” என்று அவர் தன் தொலைநோக்கியிடம் நிறுத்தினார். எதிர்ப் பாறையில், கால் வைக்க இடமே இல்லாத இடத்தில், கொக்கி மாதிரி வளைந்த கொம்போடு ஒரு மலையாடு நின்று இவளையே பார்த்தது. பொலோனா கண்ணை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நாள் அண்ணாந்து பார்த்த மலைதான். அதில் இத்தனை உயிர் நடமாடுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

மறு வருடமே வேட்டைச் சங்கத்தில் சேர்ந்தாள். ஒரு வருடம் ஆடுகள் நக்குவதற்கு மலைமேல் உப்புக்கல் சுமந்தாள், பாதை வெட்டினாள், பரீட்சை எழுதினாள். சங்கத்தில் அவள் இரண்டாவது பெண். முதல் மானை வீழ்த்தியபோது வழக்கப்படி மண்டியிட வைத்து ஹேசல் குச்சியால் முதுகில் மூன்று அடி அடித்தார்கள். மூன்றாவது அடி விங்கோ முறை. கொஞ்சம் பலமாகவே போட்டார். பொலோனா திரும்பிப் பார்த்து, “அண்ணே, இனிமே உங்க ஓய்வூதியம் ஒரு வாரம் லேட்டா வரும்” என்றாள். அந்தச் சிரிப்பில் அவள் சங்கத்து ஆளாகிவிட்டாள்.

இதெல்லாம் போன அக்டோபர் வரைக்கும்.

போன அக்டோபரில், சரிவான புல் முகட்டில், கம்பில் துப்பாக்கியைச் சாய்த்து நின்றாள். மூச்சு வாங்கியது. கம்பின் நுனி கல்லில் ஒரு விரல் அளவு வழுக்கியது. அந்த நேரம் பார்த்து விரல் அழுத்திவிட்டது. ஆட்டின் பின்னங்காலில் பட்டது. வேட்டைப் பொறுப்பாளர் அல்பினும் அவர் நாயும் அவளும் இரண்டு நாள் தேடினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் ஓர் ஓடைக் குழியில் அது உயிரோடு படுத்திருந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அதை முடித்து வைத்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அல்பின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. “சட்டம் உனக்கே தெரியும்மா” என்றார். “அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆடு. குட்டியில்லாத கிழப் பெண்ணாடு. அக்டோபர் முடியறதுக்குள்ள, நான் பக்கத்துல இருக்கும்போது. சுத்தமா விழுந்தா சரி. இன்னொண்ணு காயம் பட்டாலோ, மாசம் முடிஞ்சு போனாலோ, மேல்மலைப் பட்டியல்ல உன் பேரு இருக்காது. கீழ்க்காட்டுல மானும் பன்னியும் பாத்துக்க.”

கீழ்க்காடு ஒன்றும் மோசமில்லை. ஆனால் அவள் கேட்டது அதுவல்ல.

*

விங்கோவின் பெட்டியைக் கொடுத்த மறுநாள் பொலோனா விடுப்புப் போட்டுவிட்டு டோல்மின் ஊர் வேட்டைக் கடைக்குப் போனாள். வெட்கப்படுகிற அளவுக்கு எனக்கு நேரம் இல்லை என்று பஸ்ஸில் தனக்குத்தானே நான்கு தடவை சொல்லிக்கொண்டாள்.

கடைக்காரர் உர்பான் உற்சாகமான ஆள். பளபளவென்று டைல்ஸ் போட்ட தரையில் நான்கு விதத் தாங்கிகளை வரிசையாக நிறுத்தினார். முதலில் முக்காலி. “அக்கா, இதுல வெச்சா துப்பாக்கி கல்லு மாதிரி நிக்கும். தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தாள். உண்மைதான்.

“உங்க கடையில சாய்வான தரை இருக்கா?”

“சாய்வான தரையா?”

“நான் இருக்கற ஊர்ல டைல்ஸ் போட்ட மலை இல்ல தம்பி.”

உர்பான் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. மாடிப்படி! ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் கடையின் படிக்கட்டில் இருந்தார்கள். துப்பாக்கிக்குப் பதில் கடைத் துடைப்பம். காலுறை வாங்க வந்த ஒரு பெரியவர், துடைப்பத்தால் சுவரைக் குறிபார்க்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார். படிக்கட்டும் போதவில்லை. கடைக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் மண்சரிவுக்குப் போனார்கள்.

அங்கேதான் எல்லாம் வெளியே வந்தது. துப்பாக்கியின் அடியிலேயே பொருத்துகிற குட்டைக் கால்களுக்குக் குப்புறப் படுக்க வேண்டும். சரிவில் படுத்தால் தலை கீழே போய் ரத்தம் கண்ணுக்கு வருகிறது, முன்னால் புல்லைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. ஒரே நீளத்தில் குறுக்காகக் கட்டிய இரட்டைக் குச்சி, ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலுமாக நொண்டியது. முக்காலியின் மூன்றாவது கால், எப்படி வைத்தாலும், அவள் வயிற்றிலேயே வந்து குத்தியது. நான்காவது, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டிக் குறைக்கிற இருகால் தாங்கி. பள்ளத்துப் பக்கம் நீளமாக, மேட்டுப் பக்கம் குட்டையாக வைத்தால் நின்றது. ஆனால் முன்னும் பின்னும் ஆடியது.

“அக்கா, பதினோரு வருஷமா இத விக்கிறேன்” என்றார் உர்பான், சேறு படிந்த காலணியோடு. “இந்தப் பின்பக்கச் சரிவுக்கு இன்னிக்குத்தான் மொதல் தடவ வரேன். யாரும் கேட்டதே இல்ல.”

பொலோனாவுக்கு விங்கோவும் ராடோவும் நினைவுக்கு வந்தார்கள். வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள், பலகைத் தரையில் அல்லவா அவர்கள் தங்கள் கால்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்! மலையில் பிறந்து மலையில் வாழ்கிறவர்கள், மலைக்கு வாங்கிய பொருளைப் பள்ளத்தாக்கில் இருக்கிற கொஞ்சம் சமதரையில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். சங்கத்தின் சுடும் களமும் ஆற்றங்கரையில்தான், கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில். அவளும் பதினாறு வருடம் அங்கேதானே பழகினாள்? அங்கே அவள் குண்டு ஒன்றுகூடத் தப்பியதில்லை.

முக்காலியையும் இருகால் தாங்கியையும் உர்பான் ஒரு வாரத்துக்குக் கடனாகக் கொடுத்தார். “தபால்காரங்கள நம்பாம யார நம்பறது? எது ஜெயிச்சதுன்னு மட்டும் சொல்லணும்.”

*

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு புல் அறுக்கிற அளவுக்குச் செங்குத்து. ஞாயிற்றுக்கிழமை காலை அதன் நடுவில் பொலோனா உட்கார்ந்தாள். அவள் கணவன் இசிடோர், பள்ளிக்கூடச் சமையல்காரன், பெரிய சூப்புப் பானையின் மூடியை எதிர்ப்பக்க வைக்கோல் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். இடையில் நூற்றெண்பது தப்படி தூரம், ஓர் ஓடை.

“மூடில ஓட்ட விழுந்துச்சுன்னா நாளைக்கி இருநூறு பிள்ளைகளுக்கு சூப்ப எத வெச்சு மூடறது?”

“குண்டே இல்ல. இங்க பாரு, காலி.” துப்பாக்கியைத் திறந்து காட்டினாள். “குறிபாக்கற கண்ணாடி வழியா குறுக்குக்கோடு எவ்வளவு ஆடுதுன்னு மட்டும்தான் பாக்கப் போறேன். நீ நேரத்தப் பாரு.”

இசிடோர் சட்டைப் பையிலிருந்து தக்காளி வடிவக் கடிகாரத்தை எடுத்தான். முட்டை வேக வைக்கிற கடிகாரம். “தயாரா? போ!”

ஹேசல் கம்பு: பன்னிரண்டு நொடியில் தயார். ஆனால் குறுக்குக்கோடு மூடிக்கு உள்ளே ஒரு நொடி, வெளியே ஒரு நொடி என்று குடித்தவன் மாதிரி நடந்தது. இதை நம்பியா இத்தனை வருடம் விரலை அழுத்தினேன்?

முக்காலி: ஐம்பத்திரண்டு நொடி. கோடு ஒரு காசு அகலத்துக்குள் நின்றது. “ஆகா!” என்று அவள் கத்துவதற்குள் கீழ்க்கால் வழுக்கி, அவள் துப்பாக்கியை மட்டும் பிடித்துக்கொள்ள, முக்காலி குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கியது. இசிடோர் பின்னாலேயே ஓடினான். பிளம் மரத்தடியில்தான் அது நின்றது.

“இது கடைக்காரன் சொத்துடி!” என்று கீழேயிருந்து கத்தினான்.

“கால் ஒடஞ்சிருக்கா?”

“யாரோடது? என்னுதா, இதோடதா?”

இருகால் தாங்கி: இருபது நொடி. வழுக்கவில்லை. ஆனால் கோடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆடியது. திரும்பச் செய்தாள். காலை நீட்டினாள், குறைத்தாள், முழங்காலை மடக்கினாள். தட்டு தட்டாகவே இருந்தது. ஒன்பதாவது தடவையில் அவள் கண்ணில் நீர் முட்டியது. தப்பு கால்களில் இல்லையோ? தப்பு என்னிடம்தானோ? விங்கோ வகையறா முணுமுணுக்கிறபடி, பொம்பளைக்கு மேல்மலை எதற்கு?

இசிடோருக்குப் பசி. அவளுக்கு வலப்பக்கம், மேட்டில், புல்லில் தொப்பென்று உட்கார்ந்து, அவித்த உருளைக்கிழங்கையும் உப்புப் போட்ட தயிர்க்கட்டியையும் பிரித்தான். அவனுக்கு இடம் கொடுக்கப் பொலோனா கொஞ்சம் சாய்ந்தாள். சாய்ந்ததில் அவளுடைய வலது முழங்கை போய் அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. அப்படியே கண்ணாடியைப் பார்த்தாள்.

குறுக்குக்கோடு மூடியின் நடுக் குமிழில் நின்றது. நின்றதென்றால், வரைந்து வைத்த மாதிரி நின்றது.

“அசையாதே!”

“என்ன, பாம்பா?”

“அசையாதேன்னா! மூச்சு விடாதே!”

“மூச்சு விடாம எப்பிடிடி உசிரோட இருக்கறது? வாயில கெழங்கு வேற.”

கோடு அவன் பேச்சுக்கு ஏற்பக் குமிழில் லேசாக ஏறி இறங்கியது. அவன் நிறுத்தியதும் நின்றது. பொலோனா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கிழங்கோடு கூடிய அவன் கன்னத்தில் சத்தமாக முத்தம் வைத்தாள். “உன் தொப்ப! இசிடோர், உன் தொப்பதான்!”

“இருபது வருஷமா அதக் குறை குறைன்னு சொன்னது யாரு?”

அவள் எழுந்து சரிவிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். எல்லோரும் முன்னாலேயே பார்த்தார்கள். கம்பு முன்னால், முக்காலி முன்னால், இருகால் முன்னால். துப்பாக்கியின் முன்பாதியைத் தாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். பின்பாதி காற்றில் தொங்கிய கையின் பொறுப்பு. ஆட்டம் வந்தது அங்கிருந்துதான். சமதரையில் பழகும்போது முழங்கை மேசையில் இருந்தது. அது தாங்குகிறது என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவளுக்கும்தான். ஆனால் சரிவுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. உட்கார்ந்தால் மேட்டுப் பக்கம் முழங்கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் ஒன்று வேண்டும்.

“உன்னத் தூக்கிட்டு மேல்மலைக்குப் போக முடியாது” என்றாள்.

“நல்ல வேள.”

அவளுடைய பழைய தபால் பை அலமாரியில் கிடந்தது. இசிடோரின் தலையணையைப் பிரித்து, உள்ளே இருந்த, கோதுமைத் தவிட்டைவிட லேசான பக்வீட் தானிய உமியைப் பையில் பாதி நிரப்பித் தைத்தாள். மேட்டில் வைத்து முழங்கையால் அழுத்தினால் கைக்கு ஏற்ற மாதிரிக் குழிந்து கொடுத்தது. மேடு இடப்பக்கம் வந்தால் மடக்கிய முழங்காலின் மேல் வைத்துக்கொள்ளலாம். பையின் மஞ்சள் நிறம் அடுத்த பள்ளத்தாக்குக்கே தெரியும் என்பதால் வால்நட் தோல் கொதித்த தண்ணீரில் முக்கி எடுத்தாள். இசிடோர் அன்றைக்குத் தலையணை இல்லாமல் படுத்தான்.

முக்காலி டோல்மினுக்குத் திரும்பிப் போனது. இருகால் தாங்கிக்குப் பணம் கட்டினாள். “அப்ப இதுதான் ஜெயிச்சதா?” என்று உர்பான் கேட்டார். “பாதி ஜெயிச்சது. மீதிப் பாதி உங்க கடையில கெடைக்காது” என்றாள்.

தினமும் தபால் முடிந்ததும் புல்வெளிக்குப் போனாள். இருபது நொடி பதினேழாயிற்று, பதினைந்தாயிற்று. தக்காளிக் கடிகாரம் அடிப்பதற்கு முன்னால் கோடு குமிழில் நின்றால், அவள் சொன்னதும் இசிடோர் பக்கத்தில் இருந்தபடியே கரண்டியால் ஒரு தட்டைத் தட்டிக் கொண்டாடுவான்.

*

அக்டோபரில் மூன்று வாரம் மூடுபனி. போன இரண்டு தடவையும் பாதி மலையிலிருந்து திரும்பினார்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, வானம் கழுவிவிட்ட மாதிரித் திறந்தது. பொலோனா விடுப்புச் சொன்னாள். பாலத்தடியில் அல்பின் காத்திருந்தார்.

“நல்ல பார்வை!” என்றார். வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்கிற வணக்கம் அது.

“நல்ல பார்வை, அண்ணே.”

அவர் கண் அவள் முதுகுப் பையின் பக்கவாட்டில் செருகியிருந்த கால்களில் விழுந்தது. “கல்யாணம் யாருக்கு?”

“மணப்பொண்ணு மேல இருக்கா. கெழவி. நீங்க சொன்னபடிதான்.”

அல்பின் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டுக் கம்பை ஊன்றி முன்னால் நடந்தார்.

லார்ச் மரங்கள் இலை பழுத்து மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு ஓர் ஓடைக்கு அப்பால், பாறைத் திண்டில் ஒரு பெண்ணாடு. அல்பின் தொலைநோக்கியைக் கம்பில் சாய்த்துப் பார்த்தார். “தனியா நிக்கிது. குட்டி இல்ல. சுடு.”

பொலோனா உட்கார்ந்தாள். கீழ்க்கால் முழு நீளம், மேல்கால் ஒரு சாண். பை மேட்டில், முழங்கை பையில். கோடு ஆட்டின் தோளுக்குப் பின்னால் நின்றது. நெஞ்சு பறையடித்தது, ஆனால் கோடு அசையவில்லை.

“சுடும்மா.”

“கொஞ்சம் இருங்க அண்ணே.”

ஒரு நிமிடம் போனது. கம்பாக இருந்திருந்தால் இதற்குள் கை வலித்து, இப்போதே சுட்டுவிடு என்று கை அவளை விரட்டியிருக்கும். இப்போது வலியில்லை. அவசரமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது நிமிடம். ஆடு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தது. அது எதற்கு? மூன்றாவது நிமிடம், பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி எழுந்து, சோம்பல் முறித்து, தாயின் வயிற்றில் முட்டியது.

பொலோனா விரலை எடுத்தாள்.

அல்பின் தொலைநோக்கியை இறக்கினார். அது அவர் கையில் லேசாக நடுங்கியது. அவருக்கு அறுபத்தெட்டு வயது என்பது பொலோனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. “எனக்குத் தெரியலயே” என்றார், மெதுவாக. “சுடுன்னு வேற சொன்னேன்.”

மேலே ஏறினார்கள். பதினொன்று. பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. குட்டைப் பைன் புதர்களைத் தாண்டிக் கடைசி முகட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த முகட்டைத் தாண்டினால் ஒரே ஒரு சரிவு, அதோடு அவர்கள் எல்லை முடிந்தது. மாதமும் முடிந்த மாதிரிதான்.

முகட்டுக்கு அப்பால், கீழே, வெயிலில், ஒற்றை ஆடு. கழுத்து ஒட்டி, முதுகெலும்பு தெரிய, இடது கொம்பு பாதியில் ஒடிந்தது. பால்மடி இல்லை. சுற்றிலும் வெறும் சரளை. குட்டி ஒளிய ஒரு கல்கூட இல்லை. ஆனால் அது நேர் எதிரே முகம் காட்டி நின்றது, அப்படிச் சுடக் கூடாது. காற்றும் மாறப் பார்த்தது.

பதினைந்து நொடி. தக்காளிக் கடிகாரம் அவள் தலைக்குள்ளே ஓடியது. கால்கள் நின்றன, பை குழிந்தது, கோடு நின்றது. கீழ்நோக்கிய சரிவு, கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். தாழ்த்தினாள். திரும்பு. திரும்பிவிடு. அவள் பிடரியில் காற்று பட்டது. இன்னும் அரை நிமிடத்தில் அதன் மூக்குக்கு இவள் வாசனை போய்விடும். திரும்பு.

ஆடு ஒரு கொத்துப் புல்லுக்காகப் பக்கவாட்டில் ஒரு காலை எடுத்து வைத்தது.

சத்தம் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வருவதற்குள் அது விழுந்திருந்தது. ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. ஒரு கால் உதறவில்லை. பொலோனா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுசாக ஒரு நிமிடம் பார்த்தாள், அது எழவே இல்லை என்று நம்புவதற்கு. பிறகுதான் துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்தாள்.

“சுத்தம்” என்றார் அல்பின். “சுத்தம்மா. பட்டியல்ல உன் பேரு அப்பிடியே இருக்கும்.”

ஆட்டின் வாயில் ஒரு பைன் கொழுந்தை வைத்தார்கள், கடைசிக் கவளமாக. இன்னொரு கொழுந்தை அல்பின் ஒடித்து, காயத்தில் தொட்டு, தொப்பியின் மேல் வைத்து நீட்டினார். பொலோனா வாங்கிக்கொண்டு, அதை இரண்டாக ஒடித்தாள். நாயோடு வந்து தேடிக் கொடுத்தவருக்குப் பாதி தருவது வழக்கம். நாய் வரவில்லையே என்பது போல அல்பின் பார்த்தார்.

“இது யாருக்கு?”

“எனக்குப் பின்னால தாங்கினவருக்கு.”

அவருக்குப் புரியவில்லை. ஆட்டை முதுகில் கட்டிக்கொண்டு பாதி தூரம் இறங்கினார்கள். லார்ச் மரங்களுக்கு நடுவில் அல்பின் சட்டென்று நின்றார்.

“பொலோனா. அந்தப் பெட்டி.”

“எந்தப் பெட்டி அண்ணே?”

“வெளையாடாத. நீதான கொண்டு வந்து குடுத்த. செப்டம்பர்ல.”

“தினம் எத்தனையோ பெட்டி. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?”

அல்பின் முன்னும் பின்னும் பார்த்தார், அந்தக் காட்டில் யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரி. “நெலவறையில விரிச்சுப் பாத்தேன். கெழட்டுக் கைக்கு நல்லாத்தான் நின்னுச்சு. போன வாரம் பின்னாடிச் சரிவுல வெச்சேன், கவுந்துருச்சு. அந்தப் பை… அதுல என்ன போட்டிருக்க?”

பொலோனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “ஞாயித்துக்கெழம எங்க புல்வெளிக்கு வாங்க. பெட்டியோட வாங்க. வரும்போது ஒரு தலையணையும் கொண்டு வாங்க.”

“விங்கோ பாத்தா?”

“வரட்டுமே. அவரும் எதையாவது தூக்கிட்டு வருவாரோ என்னவோ” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல வேளையாக அல்பின் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மூன்றரை மணிக்கு, காலணியில் சேறோடு, பள்ளிக்கூடச் சமையலறைப் பின்கதவைத் தள்ளினாள். இசிடோர் கடைசி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த நார் அண்டாவுக்குள் விழுந்தது.

“விழுந்துச்சா?”

பதில் சொல்லாமல் போய், அவனுடைய வெள்ளைச் சமையல் தொப்பியின் மடிப்பில் அந்தப் பாதிக் கொழுந்தைச் செருகினாள். அவன் சோப்புக் கையோடு அதைத் தடவிப் பார்த்தான். ‘வேட்டைக்காரன் பொண்டாட்டி’ என்று பதினாறு வருடம் கேலி வாங்கியவன். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறவன்.

“எனக்கா? நான் என்ன செஞ்சேன்?”

“அசையாம இருந்த.”

இசிடோர் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தொப்பையை இரண்டு தட்டுத் தட்டினான். “அப்ப இனிமே இதக் குறைக்கச் சொல்லக் கூடாது.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள் பொலோனா. “அன்னிக்கி அல்பின் அண்ணே வராரு, விஷயம் தெரிஞ்சா இன்னும் நாலஞ்சு பேரு வருவாங்க. நெறையக் கெழங்கு அவிக்கணும். கொட்டகைச் சுவத்துல எல்லா மூடியையும் மாட்டு.”